இன்ஜினை இறக்குவதற்கு முன்: சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஓவர்ஹால் பற்றி

எங்கள் 1975 மாடல் செஸ்னா 172எம் விமானத்தின் இன்ஜின், கடைசி ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துச் சரிசெய்து பூட்டும் வேலைக்கு) பிறகு 1,950 மணி நேரம் ஓடி முடித்த மாதத்தில் மூன்று பங்குதாரர்களுக்குள் நிஜமான பங்காளிச் சண்டையே வந்துவிட்டது. ஒருவருக்குத் தொழிற்சாலையிலிருந்து புத்தம் புது இன்ஜின் வேண்டும். இன்னொருவர், நம் ஏர்போர்ட் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டட்டும், பாதிச் செலவில் முடியும் என்றார். நன்றாக ஓடுகிற இன்ஜினை ஏன் தொடவேண்டும் என்பது என் கட்சி. மூன்று பேருமே பாதி சரி, பாதி தப்பு என்று புரிய எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அமெரிக்காவில் புதிதாகப் பழைய விமானம் ஒன்றை வாங்கிவிட்டு, இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.-வின் விதிகள்தான். வேறு நாட்டுப் பதிவெண் கொண்ட விமானத்துக்கு இவை அப்படியே பொருந்தாது.

1. முதலில் அந்த 2,000 என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

172எம்-இல் இருப்பது லைகமிங் நிறுவனம் தயாரித்த ஓ-320-ஈ2டி இன்ஜின். நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன். இதற்கு லைகமிங் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி, அதாவது டி.பி.ஓ., 2,000 மணி நேரம். அந்த மணிக்கணக்கு வராவிட்டாலும் 12 வருடத்தில் செய்துவிடுங்கள் என்றும் அந்த நிறுவனத்தின் சுற்றறிக்கை சொல்கிறது. மாதம் 40 மணி நேரத்துக்கு மேல் பறக்கிற இன்ஜினுக்கு இன்னும் 200 மணி நேரம் சலுகை உண்டு. இந்தச் சலுகையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதிகம் ஓடுகிற இன்ஜின் அதிக நாள் உழைக்கும் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களை, அதாவது பகுதி 91 விதிகளின் கீழ் வருபவர்களை, இந்த எண் சட்டப்படி கட்டுப்படுத்தாது. வாடகைக்கு ஆளேற்றிப் பறக்கும் பகுதி 135 நிறுவனங்களின் கதை வேறு. ஆக, 2,000 என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பால் பாக்கெட் மேல் அச்சடித்த தேதி மாதிரி அதை நினைக்கவேண்டாம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவில் சி. எச். வாடிங்டன் என்ற உயிரியலாளரும் அவர் குழுவினரும் பராமரிப்புப் பதிவேடுகளை அலசினார்கள். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனை முடிந்தவுடனேதான் எதிர்பாராத பழுதுகள் அதிகம் வருகின்றன, பிறகு படிப்படியாகக் குறைகின்றன என்று கண்டார்கள். கை வைத்ததால் வந்த வினை! நம் ஊர்ப் பட்டறைகளில் வண்டியை விட்டெடுத்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஓவர்ஹால் ஆன இன்ஜினும் அதற்கு விலக்கல்ல. அதன் முதல் சில நூறு மணி நேரத்தைத்தான் நான் அதிகக் கவனத்தோடு பறப்பேன், 1,800-வது மணி நேரத்தை அல்ல.

2. இன்ஜினிடமே கேளுங்கள்

பணம் எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இதுதான். பலர் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். மின்னுகிற துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. அது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டிலிருந்தோ, அதோடு உரசும் டேப்பெட்டிலிருந்தோ, கியரிலிருந்தோ வரலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமோ பேரிங் உலோகமோ. பழைய 172-களில் சுழற்றி மாட்டும் ஃபில்டர் இல்லாமல் வெறும் சல்லடை மட்டும் இருக்கும். சல்லடையில் பெரிய துகள்தான் சிக்கும். ஃபில்டர் அடாப்டர் ஒன்றை மாட்டிக்கொள்வது இந்த விமானத்துக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம்.

கூடவே கொஞ்சம் ஆயிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். ஒரு அறிக்கையால் பயன் குறைவு. அதே ஆய்வுக்கூடத்திலிருந்து ஐந்தாறு அறிக்கை சேர்ந்த பிறகுதான் இரும்பின் அளவு ஏறுகிறதா, நிலையாக இருக்கிறதா என்று தெரியும்.

காம்ப்ரஷன் சோதனையில் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சிலிண்டருக்குள் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். 60-க்குக் கீழே போனால் பலர் பதறிவிடுவார்கள். எண்ணைவிட, காற்று எங்கே சீறுகிறது என்பதுதான் முக்கியம். எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். அப்புறம் போர்ஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வட்ட வட்டமாக, நடுவிலிருந்து சீராக நிறம் இருந்தால் வால்வு ஆரோக்கியம். ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் மாறிப் பச்சை படர்ந்திருந்தால் அந்த ஓரம் எரிய ஆரம்பித்திருக்கிறது. இன்று சாதாரண விலைக்கே போர்ஸ்கோப் கிடைக்கிறது. இதைச் செய்யாத மெக்கானிக்கிடம் ஓவர்ஹால் ஆலோசனை கேட்காதீர்கள்.

ஆயில் குடிக்கிறதா? லைகமிங் இதற்கு ஒரு கணக்கு தருகிறது. குதிரைத்திறனை 0.006-ஆலும் 4-ஆலும் பெருக்கி, 7.4-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் எத்தனை குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) போகலாம் என்று வரும். 150 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ அரை குவார்ட். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்தாலும் புத்தகப்படி எல்லைக்குள்தான் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

இதில் ஒரு பிரிவினையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர், வால்வு, ரிங் எல்லாம் மேல்பாகம். தனியாகக் கழற்றிச் சரிசெய்யலாம், இன்ஜின் விமானத்திலேயே இருக்கும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, கியர், இவற்றை மூடியிருக்கும் கிராங்க்கேஸ் (சுருக்கமாக கேஸ்) ஆகியவை கீழ்பாகம். அதில் கோளாறு என்றால் கேஸைப் பிளந்தே ஆகவேண்டும். ஆக, ஒரு சிலிண்டர் போனதற்காக இன்ஜினே போய்விட்டது என்று அழவேண்டாம். அதேபோல், நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றி அதை 'டாப் ஓவர்ஹால்' என்று பெருமையாக எழுதிவைப்பதையும் நான் விரும்புவதில்லை. பெயரில்தான் ஓவர்ஹால் இருக்கிறது. கீழே ஓடுவது அதே பழைய கேம்தான். மேலும், சிலிண்டரைக் கழற்றும்போது கேஸின் இரு பாதிகளையும் இறுக்கிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகளும் தளர்கின்றன. இரண்டு பக்கமும் சரியான இறுக்கம் திரும்ப வராவிட்டால் மெயின் பேரிங் நகரும். நகர்ந்தால் ஆயில் போகும் வழி அடைபடும்.

எங்கள் இன்ஜினைக் கடைசியில் இறக்கவைத்தது 2,340-வது மணி நேரத்தில் ஃபில்டரில் காந்தத்தோடு ஒட்டிய ஊசித் துகள்கள். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் ஆயில் வடிந்துவிடும், ஈரக்காற்றில் கேம் துருப்பிடிக்கும், பிறகு ஓட ஓட அந்தத் துரு டேப்பெட்டைத் தின்னும். முந்தைய குளிர்காலத்தில் மூன்று மாதம் எங்களில் யாருமே பறக்கவில்லை. இன்ஜினைக் கொன்றது 2,340 மணி நேர ஓட்டம் அல்ல, அந்த மூன்று மாதச் சும்மா.

3. ஒரே சொல், நாலு விதமான இன்ஜின்

இறக்கத்தான் வேண்டும் என்றானபின் அடுத்த குழப்பம், விற்பவர்கள் சொல்லும் பெயர்கள்.

எஃப்.ஏ.ஏ. விதி 43.2 'ஓவர்ஹால்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது: அங்கீகரிக்கப்பட்ட முறையில் பிரித்து, கழுவி, சோதித்து, தேவையானதைச் சரிசெய்து, பூட்டி, ஓட்டிப் பார்க்கவேண்டும். எந்த அளவுக்குத் தேய்ந்த பாகத்தைத் திரும்பப் போடலாம் என்பதில்தான் சூட்சுமம். தயாரிப்பாளரின் அட்டவணையில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று புதுப் பாகத்துக்கான அளவு. இன்னொன்று 'சர்வீஸ் லிமிட்', இதற்குமேல் தேய்ந்தால் தூக்கியெறி என்கிற எல்லை. அந்த எல்லைக்கு ஒரு நூலிழை இந்தப்பக்கம் இருக்கும் பாகத்தைத் திரும்பப் பூட்டினாலும் சட்டப்படி அது ஓவர்ஹால்தான். புது அளவுக்குக் கொண்டுவந்து பூட்டினாலும் அதே பெயர்தான். லாக்புக்கில், அதாவது இன்ஜினின் பதிவேட்டில், ஒரே சொல், உள்ளே வேறு வேறு இன்ஜின்.

'ரீபில்ட்' என்றால் எல்லாப் பாகங்களும் புதிய இன்ஜினுக்கான அளவுகளுக்குள் இருக்கவேண்டும். தயாரிப்பாளரோ அவர் அங்கீகரித்தவரோ இதைச் செய்தால் பழைய கணக்கை மூடிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து புது லாக்புக் தொடங்க விதி 91.421 அனுமதிக்கிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தப் பூஜ்ய மணி இன்ஜினுக்குள் நாற்பது வருடப் பழைய கிராங்க்கேஸ் இருக்கலாம். யாருடைய விமானத்திலிருந்து வந்தது, அது முன்பு என்ன பட்டது என்று உங்களால் தெரிந்துகொள்ள முடியாது.

தொழிற்சாலையில் செய்யும் ஓவர்ஹாலில் பழைய மணிக்கணக்கு தொடரும். முழுப் புதிய இன்ஜின் வேண்டுமென்றால் லைகமிங் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டிலிருந்தும் இன்னொரு தயாரிப்பாளரான காண்டினென்டல் அலபாமாவின் மொபைல் நகரிலிருந்தும் அனுப்புகிறார்கள். விலை, விமானத்தின் விலையையே எட்டிப்பிடிக்கும். தொழிற்சாலைச் சரக்கு என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2023-இல் காண்டினென்டல் இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்ட் எதிர்எடைகளைப் பிடித்திருக்கும் வளையங்கள் சரியாகப் பொருத்தப்படாதது தெரியவந்து, எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவு போட்டது. சிக்கியவற்றில் புத்தம் புதியவையும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் வெளியே இன்னொரு வழி இருக்கிறது. கோளாறான இடத்தை மட்டும் பிரித்துப் பார்த்து, தேவையானதை மட்டும் சரிசெய்து பூட்டுவது. 'இன்ஸ்பெக்ட் அண்ட் ரிப்பேர் ஆஸ் நெசசரி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஐரான்' என்பார்கள். 600 மணி நேரம் ஓடிய இன்ஜினில் கேம் துருப்பிடித்தால் இது நியாயமான வழி. 2,300 ஓடியதில் செய்தால், கேஸைப் பிளந்த கூலியையெல்லாம் கொடுத்துவிட்டு ஓவர்ஹால் என்ற பெயர்கூடக் கிடைக்காமல் போகும். விற்கும்போது அது தெரியும். புரொப்பெல்லர் தரையில் உரசிய விபத்தென்றால் இன்ஜினைப் பிரித்துச் சோதிக்கும் செலவைப் பொதுவாக இன்ஷூரன்ஸ் தரும், தேய்மானத்துக்குத் தராது. எப்படியும் பிரித்தாயிற்று என்று மேற்கொண்டு கைப்பணம் போட்டு ஓவர்ஹாலாக முடித்துக்கொள்பவர்கள் உண்டு. கெட்டதில் ஒரு நல்லது.

4. உங்கள் இன்ஜினா, மாற்று இன்ஜினா

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உங்கள் கிராங்க்ஷாஃப்டும் கேஸும் நல்லபடியாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வரலாறு உங்கள் லாக்புக்கில் இருக்கிறது. தரையில் இடித்ததா, சூடேறியதா, வெல்டிங் வைத்த கேஸா, எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

மாற்று இன்ஜினின் பெரிய வசதி நேரம். அது வந்து இறங்கியதும் உங்களுடையதைக் கழற்றி, இதை மாட்டி, பழையதை 'கோர்' என்று திருப்பி அனுப்பலாம். விமானம் தரையில் நிற்பது சில வாரம்தான். பயிற்சிப் பள்ளி நடத்துபவருக்கு அதுவே போதுமான காரணம். ஆனால் திருப்பி அனுப்பிய கோரில் கிராங்க்கோ கேஸோ பயன்படாது என்று அவர்கள் தீர்மானித்தால் ஆயிரக்கணக்கான டாலருக்கு இன்னொரு பில் வரும். அந்தத் தொகையின் உச்சவரம்பை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

5. யார் கையில் கொடுப்பது

ஓ-320 மாதிரி எளிய இன்ஜினைப் பவர்பிளான்ட் (இன்ஜின்) உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவரே ஓவர்ஹால் செய்து கையெழுத்துப் போடலாம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒன்று செய்பவரும் வாரத்துக்கு ஒன்று செய்பவரும் ஒன்றல்ல. தினமும் இட்லி சுடுகிற கைக்கும் தீபாவளிக்கு மட்டும் சுடுகிற கைக்கும் உள்ள வித்தியாசம்.

புதியவர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று. பெரும்பாலான ஓவர்ஹால் கடைகள் கேஸையும் கிராங்க்கையும் தாமே சரிசெய்வதில்லை. கேஸின் பிளவு முகங்களைச் சமன்செய்வது, கிராங்க்கைத் தேய்த்து மெருகேற்றுவது, விரிசலுக்குக் காந்தச் சோதனை செய்வது எல்லாம் தனிக்கலை. அதற்கென்றே இருக்கும் பட்டறைகளுக்குத்தான் போகும். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா அதற்குப் பேர்போன ஊர். ஆகவே பெரிய கடையோ உள்ளூர் மெக்கானிக்கோ, உங்கள் கேஸ் கடைசியில் ஒரே பட்டறைக்குப் போய்ச்சேரலாம். நீங்கள் விலை கொடுப்பது, திரும்பி வந்த பாகங்களை அளந்து பூட்டுகிற அந்த ஒரு மனிதரின் கைக்கு. அவர் யார், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நான் போன ஒரு கடையில் பாகங்கள் இன்ஜின்வாரியாகப் பெயர்ச்சீட்டோடு தட்டுகளில் இருந்தன. இன்னொன்றில் மூன்று இன்ஜின்களின் கனெக்டிங் ராடுகள் ஒரே டப்பாவில் கிடந்தன. அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

6. கொட்டேஷனில் என்ன எழுதியிருக்கவேண்டும்

எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷன் ஒரே வரி: ஓவர்ஹால், இவ்வளவு டாலர். அதைக் கிழித்துப்போடலாம். இன்றைய நிலவரத்தில் ஓ-320 ஓவர்ஹாலுக்கு 30,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ பேசுகிறார்கள். அவ்வளவு பணத்துக்கு ஒரு வரி போதாது.

முதல் கேள்வி: புது அளவுக்கா, சர்வீஸ் லிமிட்டுக்கா? இரண்டாவது: சிலிண்டர் புதியதா, பழையதையே சீர்செய்வதா? புதியது என்றால் எந்தத் தயாரிப்பு? மற்ற பாகங்களைவிட இங்கே நான் பணம் செலவழிப்பேன். எத்தனை முறை சூடேறிக் குளிர்ந்தது என்று தெரியாத சிலிண்டர் தலையில் எப்போது விரிசல் விழும் என்று யாராலும் சொல்லமுடியாது. மூன்றாவது: கேமும் டேப்பெட்டும் புதியவையா? ஓவர்ஹாலில் கட்டாயம் மாற்றவேண்டிய பாகங்களுக்கு லைகமிங் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அது முழுவதும் பின்பற்றப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். கிராங்க்கைத் தேய்த்தால் எவ்வளவு? 0.003, 0.006, 0.010 அங்குலம் என்று படிகள் உண்டு. 0.010 வரை ஏற்கெனவே போய்விட்ட கிராங்க்குக்கு அடுத்த ஓவர்ஹால் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியைப் படிக்கும்போது எத்தனை வருடம் என்பதைவிட, எந்த நாளிலிருந்து என்று பாருங்கள். இன்ஜினை அனுப்பிய நாளிலிருந்து என்றால், அது பெட்டிக்குள் உங்கள் ஹாங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும் மாதங்களும் கழியும். கோளாறு வந்தால் கழற்றி மாட்டும் கூலியைக் கொடுப்பார்களா? பெரும்பாலும் சண்டை வருவது இந்த இடத்தில்தான். கடைசியாக, அளந்த எண்கள் அனைத்தும் எழுதிய தாள் வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல கடை இதைக் கேட்டால் சந்தோஷப்படும்.

7. இன்ஜினோடு கூடவே இறங்குபவை

கொட்டேஷனுக்கு வெளியே இன்னொரு பட்டியல் காத்திருக்கும். மேக்னெட்டோ, கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், வாக்யூம் பம்ப், ரப்பர் மவுன்ட்டுகள், ஆயிலும் பெட்ரோலும் போகும் ஹோஸ்கள், எக்ஸாஸ்ட், காற்றை வழிநடத்தும் தகடுகள். இறக்கி ஏற்றும் கூலி தனி. எங்களுக்கு மதிப்பிட்ட தொகைக்குமேல் ஏறத்தாழ கால்பங்கு கூடுதலாயிற்று. இதில் ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. பழைய இன்ஜினில் உலோகத் துகள் வந்திருந்தால் ஆயில் கூலரை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். அதன் குறுகிய குழாய்களுக்குள் தங்கிய துகள், புது இன்ஜினின் பேரிங்குக்கு நேராகப் போகும்.

குதிரைத்திறனைக் கூட்ட ஆசை இருந்தால் இதுதான் சமயம். ஓ-320-ஈ2டி-யின் அழுத்த விகிதம் 7:1. வேறு பிஸ்டன் போட்டு 160 குதிரைத்திறனாக்கச் சான்றளிக்கப்பட்ட வழிகள் உண்டு. ஆனால் குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் ஓடும் வசதி போய்விடும். ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோலை 2030-க்குள் கைவிட அமெரிக்காவில் முயற்சி நடக்கும் இந்தக் காலத்தில், பத்துக் குதிரைக்காக அந்தக் கதவை மூடவேண்டுமா என்று யோசித்து நாங்கள் விட்டுவிட்டோம்.

8. ரன்னிங்-இன்: நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது

புது பைக் வாங்கினால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதுக்குமேல் போகாதே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். விமான இன்ஜினில் அப்படி மென்மையாக ஓட்டினால் கெடுத்தீர்கள். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு தேய்ந்து பொருந்த உள்ளே நல்ல அழுத்தம் வேண்டும். குறைந்த சக்தியில் ஓட்டினால் ஆயில் சுவரில் எரிந்து கண்ணாடி மாதிரிப் பளபளப்பாகப் படிந்துவிடும். பிறகு ரிங் பொருந்தவே பொருந்தாது, ஆயுள் முழுக்க ஆயில் குடிக்கும்.

ஆகவே தரையில் இன்ஜினை ஓடவிட்டு அழகு பார்க்காதீர்கள். தேவையான சோதனை முடிந்ததும் கிளம்புங்கள். ஏறும்போது மூக்கைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து, சிலிண்டருக்குக் காற்று கொடுங்கள். லைகமிங் முறைப்படி முதல் மணி நேரம் 75 சதவீத சக்தி, இரண்டாவது மணி நேரம் 65-க்கும் 75-க்கும் மாறி மாறி. ஏர்போர்ட்டை விட்டு வெகுதூரம் போகவேண்டாம், இறங்குவதற்கு இடம் கண்ணில் படும்படி பறங்கள். சேர்க்கைப் பொருட்கள் (அடிட்டிவ்) இல்லாத மினரல் ஆயிலை, ஆயில் குடிப்பது குறைந்து நிலைக்கும்வரை பயன்படுத்துங்கள். ஏறத்தாழ 50 மணி நேரத்துக்குள் நிலைத்துவிடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுலாக் கிளம்புவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

எங்கள் இன்ஜின் பதினெட்டாவது மணி நேரத்தில் ஆயில் குடிப்பதை நிறுத்தியது. 25-வது மணி நேரத்தில் முதல் ஃபில்டரை அறுத்து மூவரும் ஹாங்கர் மேசையில் விரித்தோம். கொஞ்சம் பளபளப்பு இருந்தது, முதல் ஃபில்டரில் அது இருக்கத்தான் செய்யும். காந்தத்தில் ஊசி எதுவும் ஒட்டவில்லை. அந்தக் காகிதத்தைப் படமெடுத்து, தேதி போட்டு ஹாங்கர் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் யார் எந்த வாரம் பறப்பது என்ற அட்டவணையும் அதே சுவரில்தான் தொங்குகிறது.